விமான முனையமும் அதன் போர்வையும்



விமான நிலையம் என்றதும் நம் மனம் ஓடுபாதையை நினைக்கிறது, விமானத்தை நினைக்கிறது, பயணச்சீட்டின் விலையை நினைக்கிறது. பயணிகள் கூடியிருக்கும் முனையக் கட்டடத்தைப் பற்றிப் பேசுவோரும் அதன் பரப்பையும் அழகையுமே பேசுவர். மழையை வெளியே நிறுத்தி, வெயிலைத் தணித்து, உப்புக்காற்றைத் தாங்கி, இரைச்சலை அடக்கி, உள்ளிருப்போரைக் காப்பவை கூரை, புறச்சுவர், சாளரம், வாயில் என்பன. இவை அனைத்தையும் ஒருங்கே ஒரு பொருளாகக் கருதுவோர் மிகச் சிலர். உடலுக்குத் தோல் எப்படியோ அப்படியே கட்டடத்துக்கு இப்புறப்பகுதி. இதனைக் கட்டடப் போர்வை என்று இப்பேச்சிற் குறிப்பிடுவேன். ஒரு விமான முனையத்தை விரித்துக் கட்டும்பொழுது இப்போர்வையை எவ்வாறு வகுத்தல் வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இது நமக்குத் தொலைவான பொருளன்று. அளவெட்டியிலிருந்து பலாலி விமான நிலையம் சில மைல் தூரமே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படையினர் அமைத்த இறங்குதளம் அது. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிற் புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அந்நாளில் வழங்கிய இத்தளத்தைத் தொட்டே சென்னைக்குச் சென்றது. பின்னர்ப் போர் வந்தது. நெடுங்காலம் அந்த வழி அடைபட்டுக் கிடந்தது. 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு அது மீண்டும் திறக்கப்பெற்றது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து பயணிகள் விமானம் வந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோய் காரணமாக நின்றுபோன சேவை, 2022ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் மறுபடி தொடங்கியது. 2024ஆம் ஆண்டு செப்தெம்பரில் இரண்டாவது விமான நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. சிறிய முனையம்; பெருகிவரும் பயணிகள். ஆகவே, இதனை விரித்துக் கட்டவேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே.

இன்னொன்றையும் இங்கே நாம் மறத்தலாகாது. பலாலியைச் சுற்றியுள்ள நிலத்தின் ஒவ்வொரு பரப்பும் யாரோ ஒரு கமக்காரனின் தோட்டமாகவோ வளவாகவோ இருந்தது. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அந்நிலம் பல்லாண்டுகள் உயர்பாதுகாப்பு வலயமாய் இருந்தது. விடுவிக்கப்பெற்ற காணிகளும் உண்டு. விடுதலைக்காகக் காத்திருக்கும் காணிகளும் உண்டு. இத்தகைய மண்ணிற் கட்டப்பெறும் ஒரு கட்டடம் பத்தாண்டில் ஒழுகி, பதினைந்தாண்டில் இடிக்கப்பட்டு, மீண்டும் இடம் கேட்கும் கட்டடமாக இருத்தல் முறையாகாது. பெரிதாகக் கட்டுவதை விட, நிலைத்து நிற்கக் கட்டுவதே இங்கே அறம்.

இனிப் பொருளுக்கு வருவோம். கட்டடப் போர்வை செய்யவேண்டிய வேலைகள் முக்கியமாக நான்கு. முதலாவது, மழைநீரைத் தடுப்பது. இரண்டாவது, வேண்டாத காற்றோட்டத்தைத் தடுப்பது. மூன்றாவது, காற்றிற் கலந்திருக்கும் நீராவியைத் தடுப்பது. நான்காவது, வெப்பத்தைத் தடுப்பது. இந்த வரிசையை ஒரு காரணம் பற்றியே சொன்னேன். வெப்பத்தைத் தடுக்கத் தவறிய கட்டடத்தில் மின்சாரச் செலவு கூடும், அவ்வளவே. நீரைத் தடுக்கத் தவறிய கட்டடம் அழியும்.

நம் முன்னோர் கட்டிய வீடுகள் இவற்றை எப்படிச் செய்தன என்று பார்த்தல் நலம். அளவெட்டியிலும் அயலூர்களிலும் இன்றும் சில நாற்சார் வீடுகள் எஞ்சியுள்ளன. சுண்ணக்கல்லாற் கட்டிச் சுண்ணச்சாந்து பூசிய தடித்த சுவர். பனை வளையும் சிலாகையும் தாங்கும் சரிந்த ஓட்டுக்கூரை. ஆள் குனிந்து நுழையவேண்டிய அளவுக்கு இறங்கிவரும் தாழ்வாரம். நடுவே வானம் பார்த்த முற்றம். மழை சுவரைத் தொடுமுன்னே தாழ்வாரம் அதனை அப்பால் எறிந்துவிடும். தொட்ட ஈரத்தைச் சுண்ணச்சாந்து உறிஞ்சி, கோடையில் வெளியே விட்டுவிடும். காற்று எங்கும் தடையின்றி ஓடும். வெளிக்காற்றும் உட்காற்றும் ஒன்றாகவே இருந்தமையால், நீராவியைப் பற்றி எவரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

குளிரூட்டிய மண்டபம் அப்படியன்று. அது மூடிய பெட்டி. அங்கே காற்றும் நீராவியும் புதிய பகைவராகின்றன. இதனை விளக்க அளவெட்டியிலேயே ஓர் உவமை கிடைக்கிறது. நாதசுரத்துக்கும் தவிலுக்கும் பெயர்பெற்ற ஊர் அது. மாரிகாலத்தின் ஈரக் காற்றிலே தவிலின் தோல் தளர்ந்துவிடுகிறது; வெயிலேறினால் இறுகிவிடுகிறது. தவிலாசிரியர் அதனை அறிந்து வாரை இழுத்தும் தளர்த்தியும் பதம் பார்த்துக்கொள்கிறார். கண்ணுக்குத் தெரியாத நீராவி ஒரு பொருளுக்குள் நுழைந்து அதன் இயல்பையே மாற்றுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. தவிலுக்குப் பக்கத்தில் ஆசிரியர் இருக்கிறார். கட்டடத்தின் சுவருக்குள்ளே புகுந்த நீராவியைப் பதம் பார்ப்பவர் யார்?

சிறிது கணக்குப் பார்ப்போம். வெளிக்காற்று 30 பாகை செல்சியஸ் வெப்பமும் நூற்றுக்கு 75 பங்கு ஈரப்பதனும் உடையதாயிருப்பின், அக்காற்று 25 பாகையளவுக்குக் குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி பனித்துளியாகி வழியத் தொடங்கும். குளிரூட்டிய மண்டபத்தின் வெப்பமோ 23 அல்லது 24 பாகை. குளிர்காற்றைக் கொண்டு செல்லும் குழாய்கள் அதனினும் குளிர்ந்தவை. எனவே, கூரையிலோ சுவரிலோ உள்ள சிறு வெடிப்பின் வழியே வெளிக்காற்று நுழைந்தால், அது தொடும் குளிர்ந்த பரப்பிலெல்லாம் வியர்க்கும். அந்த வியர்வை உட்கூரைத் தகடுகளை நனைக்கும், கரும்பூஞ்சணம் படரும், தொங்கவிட்ட கம்பிகள் துருப்பிடிக்கும், ஒருநாள் தகடு கீழே விழும். மழை பெய்யாத நாளிலும் கூரை ஒழுகுகிறதே என்று வியப்பவர்கள் பலர். அது கூரைமேல் விழுந்த மழை ஆகாது. காற்று கொண்டுவந்த மழையே.

இங்கே மேனாட்டு நூல்களை அப்படியே பின்பற்றுவோர் பெரும்பிழை செய்ய இடமுண்டு. கனடா போன்ற குளிர்நாடுகளில் உட்பக்கமே வெம்மையும் ஈரமும் உடையது. ஆதலின் நீராவி உள்ளிருந்து வெளியே செல்ல முயலும். தடுப்புத் தாளை அவர்கள் சுவரின் உட்பக்கத்தில் வைப்பார்கள். நம் நாட்டிலோ ஈரம் வெளியேயிருந்து உள்ளே வருகிறது. எனவே தடுப்பு வெளிப்பக்கத்தில் இருத்தல் வேண்டும்; உட்பக்கத்துச் சுவர் மூச்சுவிடக்கூடியதாய் இருத்தல் வேண்டும். அவர்கள் வரைபடத்தைப் பெயர்த்தெழுதி, அழகுக்காக உட்சுவரில் நீர்புகாத தாளையும் ஒட்டிவிட்டால், ஈரம் இரண்டுக்கும் நடுவே சிறைப்பட்டுச் சுவரைத் தின்னும்.

அடுத்து மழை. யாழ்ப்பாணத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியாகிய மூன்று மாதங்களிலே கொட்டித் தீர்க்கிறது. வாடைக்காற்றோடு வரும் அம்மழை நேரே விழாது. சாய்ந்து வந்து சுவரில் அறையும். எந்தப் பூச்சும் எந்தப் பசையும் என்றைக்கும் விரியாது நிற்கும் என்று நம்பிக் கட்டுதல் அறிவுடைமையாகாது. ஆகவே, இன்றைய பொறியியலாளர் இரட்டைக் காவலை வகுக்கின்றனர். வெளியே ஒரு மேலாடை. அதன் பின்னே ஒரு சிறு இடைவெளி. அதற்கும் பின்னே நீர்புகாத உட்சுவர். மேலாடையைக் கடந்து வந்த சிறிதளவு நீர், இடைவெளியில் வழிந்து, அடியிலுள்ள துவாரங்கள் வழியே வெளியேறிவிடும். இத்தத்துவம் நமக்குப் புதியதன்று. ஓட்டுக்கூரையும் இப்படித்தானே வேலைசெய்கிறது! ஓடுகளுக்கிடையே பசை இல்லை. ஒன்றன்மேல் ஒன்று கவிந்து, சரிவின் துணையால் நீரை ஓட்டிவிடுகிறது. நீரைப் பூட்டி வைக்க முயல்வதினும் அதற்கு வழிவிடுவதே நல்ல கட்டடக்கலை.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடி மாளிகையாக இருந்தாலே விமான முனையம் நாகரிகமானது என்ற எண்ணம் எங்கும் பரவியிருக்கிறது. குளிர்நாடுகளில் வெளியே உறைபனியும் உள்ளே வெம்மையுமாக 40 பாகை வேறுபாடும் இருக்கக்கூடும். அங்கே இரட்டைக் கண்ணாடி அரிய காவல். நமக்கு வெளியே 30, உள்ளே 24; வேறுபாடு 6 பாகையே. நம் பகைவன் அந்த வேறுபாடன்று. நேரே பாயும் கதிரவன். கண்ணாடி இரண்டு அடுக்காயினும் மூன்று அடுக்காயினும், அதன்மேல் வெயில் விழாமற் காப்பதே முதற்கடமை. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்றுக் குறைவான அகலக்கோட்டில் உள்ளது. சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் நண்பகற் கதிரவன் நேர் உச்சியில் நிற்பான். அதனால் கூரையே மிகுதியான வெப்பத்தை வாங்குகிறது. வெறும் உலோகத் தகடு 60 பாகைக்கு மேலும் கொதிக்கக்கூடும். வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் நீண்ட தாழ்வாரத்தால் நிழலாக்கலாம். கிழக்கிலும் மேற்கிலும் கதிரவன் தாழ்ந்து வருவதால் தாழ்வாரம் போதாது. அங்கே கண்ணாடியைக் குறைத்தலே வழி. வெண்மையான கூரை, அதன்கீழ் வெப்பம் கடத்தாப் படை, நீண்ட தாழ்வாரம், கிழக்கும் மேற்கும் மூடிய சுவர்: இந்த நான்கும் இருப்பின், குளிரூட்டும் இயந்திரத்தின் சுமை வெகுவாகக் குறைந்துவிடும்.

பலாலிக்கென்று தனியான சோதனைகளும் உண்டு. கடல் மிக அண்மையில் இருக்கிறது. உப்புக்காற்று உருக்கை அரிக்கும் வேகத்தை வடமராட்சியிலோ காங்கேசன்துறையிலோ வீடு கட்டியவர்கள் நன்கறிவர். முனையத்தின் சுவர்த்தகடுகள் எவ்வளவு உயர்ந்தனவாயினும், அவற்றைப் பிடித்திருக்கும் திருகாணி மலிவானதாயின், முழுச்சுவரின் ஆயுளும் அத்திருகாணியின் ஆயுளே. அலுமினியமும் வேறு உலோகமும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் மின்கலம் போலாகி, அவற்றுள் ஒன்று விரைந்து கரையும். ஆகவே, கடற்கரைக்கு ஏற்ற துருவேறா உருக்கையும், உலோகங்களுக்கு நடுவே தொடர்பைத் தடுக்கும் வில்லைகளையும் வரைபடத்திலேயே பெயர்சொல்லிக் குறிப்பிட வேண்டும். 'தக்க திருகாணி' என்று எழுதிவிட்டாற் போதாது.

புயலும் உண்டு. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், இலங்கையின் வடபகுதியைக் கடந்தே அங்கு சென்றது. காற்று கூரையை அழுத்தி உடைக்கும் என்று பலர் எண்ணுவர். உண்மையில் அது கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது; அவ்வுறிஞ்சல் கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் மிகக் கடுமையாக இருக்கும். எனவே, நடுக்கூரைக்குப் போதுமான பிணைப்பு மூலைக்குப் போதாது. மேலும், ஒரு பெரிய கண்ணாடி உடைந்து காற்று உள்ளே புகுந்தால், கீழிருந்து தள்ளும் விசையும் மேலிருந்து உறிஞ்சும் விசையும் ஒன்றுசேர்ந்து கூரையையே பெயர்த்துவிடும். நீண்ட தாழ்வாரம் வேண்டும் என்று முன்னர்ச் சொன்னேன். அத்தாழ்வாரத்தை இறுகக் கட்டவேண்டிய காரணமும் இதுவே.

இனி இரைச்சல். ஒலியைத் தடுப்பது கனமும் இறுக்கமுமே. ஒரு சுவரில் கைவிரல் நுழையும் துவாரம் இருந்தால், சுவர் எவ்வளவு தடித்ததாயினும் ஒலி அத்துவாரத்தின் வழியே வந்துவிடும். காற்றுக்கும் நீராவிக்கும் எதிராக நாம் அடைக்கும் அதே வெடிப்புகளை அடைத்தால் ஒலியும் அடங்கும். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் மூன்று பலன் கிட்டுகிறது.

கண்ணாடியைப் பற்றிப் பேசும்பொழுது சென்னை விமான நிலையத்தை நினையாதிருக்க இயலாது. அங்கே காமராசர் உள்நாட்டு முனையமும் அண்ணா பன்னாட்டு முனையமும் விரித்துக் கட்டப்பெற்று, 2013ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டன. அதன்பின் சில ஆண்டுகளில் கண்ணாடித் தகடுகளும் உட்கூரைத் துண்டுகளும் பலமுறை விழுந்து நொறுங்கின. செய்தித்தாள்கள் இத்தனையாவது முறை என்று எண்ணிக்கை சொல்லி எழுதும் அளவுக்கு அது வழக்கமாயிற்று. எவரையும் குறைகூறுவது என் நோக்கமன்று. இதிலிருந்து பயிலவேண்டிய பாடத்தை மட்டும் பார்ப்போம். கடினமாக்கிய கண்ணாடி வலிமை மிக்கது. ஆயினும் அதனுள்ளே நிக்கல் சல்பைட்டு என்னும் நுண்ணிய மாசு இருப்பின், எவர் தொடாமலும், எந்த அடியும் படாமலும், ஆண்டுகள் கழித்தும் அது திடீரென நொறுங்கக்கூடும். இதற்கு இரண்டு காப்புகள் உண்டு. ஒன்று, தொழிற்சாலையிலேயே தகடுகளைச் சூட்டில் நெடுநேரம் வைத்துச் சோதித்தல். குறையுள்ள தகடு அங்கேயே உடைந்துவிடும். மற்றது, இரு தகடுகளுக்கிடையே பசைப்படலம் இட்டு ஒட்டிய கண்ணாடியைப் பயன்படுத்தல். அது உடைந்தாலும் சிதறி விழாமல் படலத்தைப் பற்றி நிற்கும். மனிதர் தலைக்கு மேலே வரும் கண்ணாடி எதுவாயினும் ஒட்டிய கண்ணாடியாகவே இருத்தல் வேண்டும்.

கண்ணாடியைத் தாங்கும் சட்டமும் அசையும். 3 மீற்றர் நீளமான அலுமினியச் சட்டம் 30 பாகை வெப்பம் கூடினால் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளும். அதே நீளமுள்ள கண்ணாடி 1 மில்லிமீற்றருக்கும் குறைவாகவே நீளும். இடையிலே மெத்தென்ற இறப்பர் இல்லாது இறுக்கிவிட்டால், ஒன்று மற்றதை நெரிக்கும்.

இவ்வாறு அசையும் பொருள்களைப் பற்றிச் சொன்னதும், விரிவாக்கத்தின் உயிர்நாடியான இடத்துக்கு நாம் வந்துவிட்டோம். புதிய முனையம் ஒன்றை வெறும் நிலத்திற் கட்டுவது ஒரு வேலை. இருக்கும் முனையத்தோடு ஒன்றைச் சேர்த்துக் கட்டுவது வேறொரு வேலை. நம் ஊர்களில் வீட்டுக்குப் பக்கத்தே பத்தி இறக்குவது வழக்கம். பிள்ளைகள் பெருகினால் ஒரு பத்தி. மகளுக்குத் திருமணம் என்றால் இன்னொரு பத்தி. அத்தகைய வீட்டில் மாரிக்கு முதலில் ஒழுகும் இடம் எது என்று வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். பழைய சுவரும் புதிய கூரையும் சேரும் இடத்தையே அவர் காட்டுவார். மேசன் சீமெந்தைக் குழைத்து அங்கே அப்பிவிட்டுப் போவார். அடுத்த மாரிக்கு அது வெடித்து மீண்டும் ஒழுகும்.

வெடிப்பதன் காரணம் யாது? பழைய கட்டடம் தன் அத்திவாரத்தில் அமர்ந்து முடிந்தது. புதியது இனித்தான் அமரவேண்டும். யாழ்ப்பாணத்து மண்ணுக்கு அடியிலுள்ள சுண்ணக்கல் ஒரே சீரானதன்று. நீர் கரைத்த பொந்துகள் அதனுள்ளே உண்டு. ஆதலால் இரு பகுதிகளும் ஒரே அளவாக அமரும் என்பதற்கு உறுதியில்லை. மேலும், 100 மீற்றர் நீளமான உருக்குக் கூரை 30 பாகை வெப்ப வேறுபாட்டில் 36 மில்லிமீற்றர் நீண்டு குறுகும். இரண்டு விரல் தடிப்பளவு நாள்தோறும் வந்துபோகும் பொருளை, அசையாத பழைய சுவரோடு சீமெந்தினால் ஒட்டிவிட இயலுமா? இயலாது. ஆகவே, இரண்டையும் பிரித்து வைத்தலே சேர்த்துக் கட்டும் வழியாகும். இடையே வேண்டிய அளவு இடைவெளி விட்டு, துருத்தி போல் மடிந்து விரியும் இறப்பர்ப் படலத்தால் அதனை மூட வேண்டும். அப்படலமும் ஒருநாள் கிழியும் என்று எதிர்பார்த்து, அதன்கீழே ஒரு பீலியை வைத்து, நீர் வெளியேற வழி செய்ய வேண்டும். அப்பீலி அடைபட்டாலும் நீர் உள்ளே வராது வெளியே வழியுமாறு, உயரத்தில் ஒரு மிகைவாய் வைக்க வேண்டும்.

பழைய கட்டடம் எப்படிக் கட்டப்பெற்றது என்பதையும் முதலில் அறிதல் வேண்டும். அதன் சுவரில் நீர்த்தடுப்பு எந்தப் படையில் இருக்கிறது? காற்றுத்தடுப்பு எங்கே முடிகிறது? பழைய வரைபடம் ஒன்று சொல்லும்; திறந்து பார்த்தால் சுவர் வேறொன்று சொல்லும். அதனால் சில இடங்களில் வெட்டித் திறந்து கண்ணாற் காண்பது அவசியம். புதிய பகுதியின் நீர்த்தடுப்பு பழைய பகுதியின் நீர்த்தடுப்போடும், காற்றுத்தடுப்பு காற்றுத்தடுப்போடும் இணையவேண்டும்.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. கட்டடத்தின் குறுக்குவெட்டு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுகோலை ஓரிடத்தில் வைத்து, நீரைத் தடுக்கும் படையின் வழியே, கூரை, சுவர், சாளரம், நிலம் என்று சுற்றிக் கோலை எடுக்காமல் தொடங்கிய இடத்துக்கே வந்துசேர முடிகிறதா என்று பாருங்கள். கோலை எடுக்கவேண்டி வந்த இடத்தில் கட்டடம் ஒழுகும். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை; ஆயினும் பல கோடி ரூபாயைக் காப்பாற்றும்.

கோல் நிற்கும் இடம் பெரும்பாலும் எதுவாயிருக்கும் தெரியுமா? ஒருவர் பொறுப்பு முடிந்து மற்றவர் பொறுப்புத் தொடங்கும் இடம். கூரை ஒருவர் வேலை. கண்ணாடி மற்றொருவர் வேலை. குளிரூட்டல் வேறொருவர் வேலை. கூரையும் கண்ணாடியும் சந்திக்கும் மூலை எவர் வேலையும் ஆவதில்லை. ஆகவே, ஒரு முனையத்தை விரிப்போர் முதன்முதற் செய்யவேண்டியது, போர்வை முழுவதற்கும் பொறுப்பான ஒருவரைப் பெயர்குறித்து நியமித்தலாகும். அடுத்து, கட்டத் தொடங்குமுன்னர், சுவரும் சாளரமும் கூரையோரமும் அடங்கிய ஒரு மாதிரித் துண்டை உண்மையான பொருள்களாற் செய்து நிறுத்தி, நீரைப் பீய்ச்சி, பெருவிசிறியாற் காற்றை மோதவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்த்தல் வேண்டும். மாதிரியில் கண்ட ஓட்டையை ஒரு நாளில் திருத்தலாம். கட்டிமுடித்த முனையத்தில் அதே ஓட்டை ஓராயிரம் இடத்தில் இருக்கும்.

முனையம் முழுவதையும் மூடிக் குளிரூட்டவேண்டுமா என்பதும் சிந்திக்கத் தக்கது. சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் ஹஜ் யாத்திரிகர்களுக்கென ஒரு முனையம் 1981ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. டாக்காவிற் பிறந்த பொறியியலாளர் பஸ்லுர் ரகுமான் கான் அதன் அமைப்பில் முதன்மையான பங்கு கொண்டவர். பாலைவனத்து வெயிலிலே பெருந்திரளான மக்கள் காத்திருக்கும் அவ்விடத்தை அவர்கள் கண்ணாடியால் மூடவில்லை. கண்ணாடி இழைத் துணியாலான 210 கூடாரங்களை உயரத்தில் விரித்து, பக்கங்களைத் திறந்துவிட்டனர். வெப்பக்காற்று மேலெழுந்து வெளியேற, நிழலிற் காற்று ஓடுகிறது.

இந்த வழி நமக்கு மிகப் பொருந்தும். யாழ்ப்பாணத்தவர் ஒருவர் பயணம் போனால் அவர் தனியே போவதில்லை. பெற்றார், மாமன் மாமி, மச்சான் மச்சாள், அயலவர் என்று ஒரு வாகனம் நிறைய ஆட்கள் வழியனுப்ப வருவர். பல்லாண்டு காணாத உறவினர் வந்திறங்கும்பொழுதும் அப்படியே. அவர்களுக்குக் குளிரூட்டிய மண்டபம் வேண்டியதில்லை. நிழலும் காற்றும் இருக்கையும் வேண்டும். நம் வீட்டின் விறாந்தையும் தலைவாசலும் செய்த வேலை அதுதான். முனையத்தைச் சுற்றி அகன்ற விறாந்தை ஒன்று அமைத்து வழியனுப்புவோருக்கு விட்டால், மூடிக் குளிரூட்டவேண்டிய பகுதி சிறுக்கும். அவ்விறாந்தையே சுவர்களுக்கு நிழல் தரும். சாய்ந்து வரும் மழையைத் தடுக்கும். பழைய கட்டடத்துக்கும் புதியதற்கும் இடையேயுள்ள இணைப்பை இத்தகைய திறந்த விறாந்தையாகவே வைத்துவிட்டால், ஒழுகும் மூலை ஒன்றே இல்லாமற் போய்விடும். ஒழுகினாலும் எவர் தலையிலும் விழாது.

கடைசியாகப் பராமரிப்பு. கூரையின் பீலியை மாரிக்கு முன் துப்புரவாக்க ஏணி வைக்க இடம் உண்டா? உயரத்திலுள்ள கண்ணாடி ஒன்றை மாற்ற வழி உண்டா? பசையும் இறப்பரும் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்கப்பட்டுள்ளதா? கோவில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு ஆற்றும் மரபு நமக்கு உண்டு. எத்துணை உறுதியான கட்டடமும் கவனிப்பின்றி நில்லாது என்ற உண்மை அம்மரபில் அடங்கியிருக்கிறது. அரசாங்கக் கட்டடங்களுக்கும் அத்தகைய ஓர் ஒழுங்கு வேண்டும்.

நேயர்களே, விமான நிலையம் பொறியியலாளர் விடயம், நமக்கென்ன என்று இருந்துவிடுதல் ஆகாது. அது நம் பணத்திற் கட்டப்பெறுவது. நம் நிலத்தில் நிற்பது. பலாலி முனையத்தை விரிக்கும் திட்டம் மக்கள் முன் வைக்கப்பெறும் நாளில், எத்தனை கண்ணாடி, எத்தனை மாடி என்று மட்டும் கேளாதீர்கள். பழையதும் புதியதும் சேரும் இடத்தில் மழைநீர் எந்த வழியாற் போகும், அந்த மூலைக்குப் பொறுப்பானவர் யார் என்று கேளுங்கள். அதற்கு வரைபடத்தைக் காட்டி ஒருவர் விடை சொல்வாராயின், அக்கட்டடம் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்கும்.